மைதானத்துக்குத் தராசோடு வருகிறவர்கள்: விளையாட்டு, உடற்பயிற்சி, போசணை ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரம் முடித்துத் திருகோணமலையை விட்டுப் போய் விளையாட்டு விஞ்ஞானம் படித்தேன். இப்போது ஆய்வு வேலையாக அடிக்கடி ஊருக்கு வருகிறேன். ஏகாம்பரம் மைதானத்தின் ஓரத்தில் தராசையும் வெப்பமானியையும் வைத்துக்கொண்டு நான் நிற்கும்போது பிள்ளைகள், பெற்றோர், பயிற்றுநர்கள் எல்லாரும் வந்து கேட்பவை பெரும்பாலும் இதே கேள்விகள்தான். வெயிலில் நின்றபடி அவசரத்தில் சொன்ன பதில்களை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

இது உடற்கல்வி ஆசிரியராவதற்கான படிப்புத்தானே?

ஆசிரியராகலாம். ஆனால் படிப்பு அதைவிட அகலமானது. ஓடும்போது தசைக்குள் என்ன நடக்கிறது, இதயம் எவ்வளவு குருதியைத் தள்ளுகிறது, எதைச் சாப்பிட்டால் அந்த ஓட்டம் நீளும், முழங்கால் ஏன் தேய்கிறது, பத்தொன்பது வயதுப் பிள்ளை ஏன் திடீரென்று விளையாட்டை விட்டுவிடுகிறாள் என்பதெல்லாம் இதற்குள் வரும். உடற்றொழிலியல், உயிரிரசாயனம், இயக்கவியல், உளவியல், போசணை ஆகிய ஐந்து கிணறுகளிலும் நீர் அள்ள வேண்டிய துறை இது.

நோயாளிகள் இவ்வளவு பேர் இருக்க, ஓடி விளையாடும் பிள்ளைகளை ஏன் ஆராய வேண்டும்?

இதைக் கேட்பவர்களுக்கு நான் எப்போதும் ஒரு பஸ் கதையைத்தான் சொல்வேன். லண்டனில் ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் 1940களின் இறுதியில் இரட்டைத் தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராயத் தொடங்கினார். சாரதி நாள் முழுவதும் இருக்கையில் இருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது படிகள் வரை ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே தெருக்கள், ஏறத்தாழ ஒரே சம்பளம். சுமார் 31,000 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது மாரடைப்பு சாரதிகளுக்கே அதிகமாக வந்திருந்தது. நடத்துநர்களுக்கு வந்தபோதும் அதன் கடுமை குறைவாக இருந்தது. 1953இல் வெளிவந்த அந்தக் கட்டுரையிலிருந்துதான் உடலுழைப்பும் இதயமும் பற்றிய நவீன ஆய்வு தொடங்குகிறது என்று சொல்லலாம்.

கதையின் அடுத்த பகுதி எனக்கு இன்னும் பிடிக்கும். "பருமனானவர்கள்தான் சாரதி வேலையைத் தேர்ந்திருப்பார்களோ?" என்ற ஐயம் எழுந்தது. மொரிஸ் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. நிறுவனம் கொடுத்த சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவுகளைத் தேடி எடுத்துப் பார்த்தார். சாரதிகளின் இடுப்பளவு உண்மையிலேயே பெரிதாக இருந்தது. தன் முடிவைக் குழப்பக்கூடிய அந்தத் தகவலையும் 1956இல் அவரே வெளியிட்டார். ஆய்வு செய்கிறவருக்கு இருக்க வேண்டிய நேர்மை அது.

நமக்கு வருவோம். இலங்கையில் 2005, 2006 காலப்பகுதியில் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை வைத்து நடந்த நீரிழிவு ஆய்வு, இருபது வயதைத் தாண்டியவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நாடு முழுவதற்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படும் எண் அது. அந்த ஆய்வு நாட்டின் ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. நம் அம்மாக்களும் மாமாக்களும் அந்தக் கணக்கில் இல்லை. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அந்த வெற்றிடமும் ஒரு காரணம்.

வெளிநாட்டில் கண்டுபிடித்தது நமக்குப் பொருந்தாதா? உடம்பு எல்லாருக்கும் ஒன்றுதானே?

பெருமளவு பொருந்தும். பொருந்தாத இடங்கள்தான் ஆபத்தானவை.

புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 2004இல் தங்கள் இருவரின் படத்தையும் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு, BMI) 22.3. தராசும் உயரக்கோலும் இருவரையும் ஒன்று என்றே சொல்லும். உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தெற்காசியர் பலர் மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பைச் சுமக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டியதில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு இந்தச் சுட்டியில் 23, 27.5 ஆகிய எண்களையும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளும்படி ஆலோசனை கூறியது. மற்றவர்களுக்கு அவை 25உம் 30உம்.

ஆகவே "எனக்குத் தொப்பை இல்லை, நான் ஏன் நடக்க வேண்டும்?" என்று கேட்கும் மெலிந்த ஐயாமாரிடமும் நான் நடக்கச் சொல்கிறேன். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை.

முகமூடி மாட்டி ஓட விடுவார்களே, அது எதற்கு?

நீங்கள் நிமிடத்துக்கு எவ்வளவு ஒட்சிசனை உள்ளெடுத்துப் பயன்படுத்துகிறீர்கள் என்று அளப்பதற்கு. ஓடும் பட்டியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒட்சிசன் பாவனை மேலே ஏறாமல் நின்றுவிடும். அதுவே உங்கள் உச்ச அளவு. 1920களில் ஏ. வி. ஹில் முதுகில் பெரிய காற்றுப்பையைக் கட்டிக்கொண்டு மஞ்செஸ்டரில் ஒரு புல்தரையைச் சுற்றி ஓடி இதை அளந்தார். இன்று அந்தப் பையின் இடத்தில் கணினி இருக்கிறது.

அந்த இயந்திரம் இல்லாத ஊருக்கு வேறு வழி உண்டு. மொன்றியலைச் சேர்ந்த லூக் லேஜே 1980களில் உருவாக்கிய இருபது மீற்றர் ஓட்டச் சோதனையில், இரண்டு கோடுகளுக்கு இடையே ஒலிக்கேற்ப ஓட வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீற்றரில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கூடும். ஒலியோடு ஈடுகொடுக்க முடியாத இடத்தில் நிறுத்திவிடலாம். ஒரு ஒலிபெருக்கி, அளவு நாடா, நான்கு கூம்புகள் போதும். முப்பது பேரை ஒரே நேரத்தில் சோதிக்கலாம். கடற்கரை மணலில் மட்டும் செய்யாதீர்கள். மணல் காலை இழுக்கும், அளவு பிழைத்துவிடும்.

நம் வெயிலில் பிள்ளைகளை மரதன் ஓட விடலாமா?

எனக்கு மிகவும் மனம் பதறும் கேள்வி இதுதான். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய பதினாறு வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்தச் செய்தி வந்த நாளில் நான் வெப்பம் பற்றிய கட்டுரைகளைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த இழப்பின் காரணத்தைப் பற்றி எதுவும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கிழக்கில் இல்ல விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகளைத் தெருவில் ஓட விடும் ஒவ்வொருவரும் கீழே வருவதை அறிந்திருக்க வேண்டும்.

வெப்பநிலை மட்டும் போதாது. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வடிந்து விழும், உடல் குளிராது. அதனால் மூன்று வெப்பமானிகளைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஈரத்துணி சுற்றிய குமிழின் அளவை 0.7ஆலும், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் அளவை 0.2ஆலும், நிழலில் உள்ள சாதாரண வெப்பமானியின் அளவை 0.1ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஈரக்குமிழ் 27, கறுப்புக் கோளம் 45, நிழல் 34 என்றால் விடை 31.3 பாகை. 1950களில் அமெரிக்கப் படையினரின் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீழ்ந்தவர்களைக் குறைப்பதற்காக உருவான கணக்கு இது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி நெடுந்தூர ஓட்டங்களுக்கு வைத்த எல்லை 28. அதைத் தாண்டினால் போட்டியைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள்.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் இங்கே நண்பகல் வெப்பநிலை 35 பாகையைத் தொடும். மாசி, பங்குனியில்கூட காலை பத்து மணிக்குப் பிறகு தார் வீதியில் நின்று பாருங்கள். அந்த 28ஐ அப்படியே கடைப்பிடித்தால் பகலில் நாம் ஓடவே முடியாது. வெப்பத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எல்லை எங்கே இருக்கிறது? இதற்கு விடையை நாம்தான் இங்கே அளந்து தேட வேண்டும். ஒரு முழு ஆண்டு, மாதம் மாதமாக, மைதானம் மைதானமாக. யாராவது இளநிலை மாணவர் இதை எடுத்துச் செய்தால் நானே வந்து கறுப்புக் கோளத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

அதுவரை செய்ய வேண்டியவை தெளிவு. ஓட்டத்தைக் காலை ஆறு மணிக்கு வையுங்கள். வெப்பத்துக்கு உடல் பழக ஏழு முதல் பதினான்கு நாள் வேண்டும், எனவே போட்டிக்கு முதல் நாள்தான் பயிற்சி தொடங்கினேன் என்கிற பிள்ளையை ஓட விடாதீர்கள். காய்ச்சல், வயிற்றோட்டம் இருந்த பிள்ளையையும் வேண்டாம். ஓடுகிறவர் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். உள்ளுடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கக்கூடும். அம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அந்த இடத்திலேயே குளிர்விக்க வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகே கொண்டுபோதல் என்பது விளையாட்டு மருத்துவத்தின் விதி. தலை நீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, பெரிய தொட்டியில் ஐஸ் கலந்த நீரில் கழுத்துவரை அமர்த்துவது சிறந்த வழி. மீன்பெட்டிக்கு ஐஸ் கிடைக்கும் ஊர் இது. போட்டி நாளில் இரண்டு மூட்டை ஐஸும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் ஓட்டம் முடியும் இடத்தில் இருக்கட்டும். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

ஆளுக்கு ஆள் வேறுபடும். அதற்காகத்தான் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, உள்ளாடையோடு நிறுக்க வேண்டும். முடிந்ததும் உடலைத் துடைத்துவிட்டு அதேபோல் மறுபடியும் நிறுக்க வேண்டும். 60 கிலோ இருந்தவர் 58.8க்கு வந்திருந்தால் 1.2 கிலோ, அதாவது ஏறத்தாழ 1.2 லீற்றர் நீர் போயிருக்கிறது. இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் இழந்தால் வெப்பத்தில் நெடுநேர ஆட்டம் தளரத் தொடங்கும் என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. இந்த 1.2 கிலோ சரியாக அந்த எல்லை.

முதன்முதலில் இதைச் செய்த மாலையில் ஒரு பையன் விளையாட்டுச் சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டான். சரி, அப்படியே ஏறு என்றேன். எடை குறையவே இல்லை. அவனுக்கு வியர்க்காது போலும் என்று குறிக்கப் போனேன். பக்கத்தில் நின்ற பயிற்றுநர் அந்தச் சட்டையின் ஓரத்தைப் பிடித்து முறுக்கினார். வியர்வை நூலாக மணலில் வடிந்தது. இழந்த நீரை அவன் தோளில் போட்டுக்கொண்டே தராசில் ஏறியிருந்தான். அன்றிலிருந்து சட்டையைக் கழற்றாமல் நான் யாரையும் நிறுப்பதில்லை. ஒரு மறைப்புத் துணியும் எடுத்து வருகிறேன்.

அளவுக்கு மிஞ்சினாலும் தீங்குதான். பல மணி நேரம் ஓடும்போது தாகத்தை மீறி வெறும் நீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் குருதியில் சோடியம் குறைந்து வலிப்பு, உயிராபத்துவரை போகலாம். ஓடி முடிந்தும் எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை. இளநீர் நல்ல பானம், பொட்டாசியம் நிறைந்தது. ஆனால் வியர்வையில் முக்கியமாகப் போகும் சோடியம் அதில் குறைவு. உப்புப் போட்ட மோர், உப்பும் சீனியும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர் எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

ஓட்டத்துக்கு முன் குளுக்கோஸ் கொடுப்பது பயனா?

நூறு மீற்றருக்குப் பயனில்லை. பத்துப் பன்னிரண்டு வினாடி ஓட்டத்துக்கு வேண்டிய சக்தி தசைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளங்கையில் கொட்டிய அந்த வெள்ளைத் தூளை நக்கிவிட்டுக் கோட்டுக்குப் போன ஞாபகம் நம் எல்லாருக்கும் உண்டு, அதை யாரிடமிருந்தும் பறிக்க எனக்கு விருப்பமில்லை. அதில் ஒரு வியப்பும் இருக்கிறது. காபோவைதரேற்று (மாச்சத்து, சீனி வகை) கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பினாலே, சுமார் ஒரு மணி நேரச் சைக்கிள் ஓட்டத்தில் நேரம் சற்றுக் குறைந்ததை 2004இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரு துளியும் வயிற்றுக்குள் போகவில்லை. வாயில் உள்ள உணர்விகள் மூளைக்குச் "சாப்பாடு வருகிறது" என்று சொல்கின்றன என்பதே விளக்கம்.

போட்டிக்கு முன் புட்டா, இடியப்பமா, சோறா?

1967இல் சுவீடனில் பெர்க்ஸ்ட்ரோமும் குழுவினரும் ஊசியால் தொடைத் தசையில் சிறு துணுக்கு எடுத்து அதில் சேமித்திருந்த கிளைக்கோசனை (தசை சக்திக்காகச் சேர்த்து வைக்கும் காபோவைதரேற்றை) அளந்தார்கள். அதே ஆட்களுக்குச் சில நாட்கள் மூன்று வகை உணவு. காபோவைதரேற்று மிகக் குறைந்த உணவுக்குப் பிறகு அவர்கள் சைக்கிள் மிதித்துத் தாக்குப்பிடித்தது ஏறத்தாழ ஒரு மணி நேரம். கலப்பு உணவுக்குப் பிறகு இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. காபோவைதரேற்று நிறைந்த உணவுக்குப் பிறகு இரண்டே முக்கால் மணிக்கு மேல். சோறும் புட்டும் சாப்பிடும் நமக்கு இது நல்ல செய்தி.

போட்டிக்கு ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்கு முன், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் காபோவைதரேற்று என்பது வழக்கமான அறிவுரை. நேரம் கூடக்கூட அளவும் கூடலாம். வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் இருக்கும். என் யோசனை: முதல்நாள் இரவு சிவப்பரிசிப் புட்டு, பருப்பு, மீன். காலையில் இடியப்பமும் தண்ணிச் சொதியும், ஒரு கதலிப்பழம். தேங்காய்ப்பூ அதிகமாகப் போட்ட புட்டும் கட்டிப்பால் கறியும் வயிற்றில் நெடுநேரம் நிற்கும், காலை ஓட்டத்துக்கு உகந்தவை அல்ல.

இதில் ஆய்வுச் சிக்கல் ஒன்று உண்டு. "புட்டு" என்று அட்டவணையில் ஒரு வரி எழுதிவிடலாம், ஆனால் ஒரு வீட்டுப் புட்டில் தேங்காய் ஓரத்தில் வெள்ளைக் கோடாக இருக்கும், அடுத்த வீட்டில் மாவுக்குச் சரிபாதி. அதனால் வீடு வீடாகப் போய், குழலில் போடும் முன் மாவையும் தேங்காயையும் தனித்தனியே நிறுக்கிறோம். நான் தராசோடு போன ஒரு நாள், வழக்கமாகச் சம்பலோடு முடிகிற வீட்டில் கணவாய்க் கறியும் முட்டைப் பொரியலும் வந்தன. "பல்கலைக்கழகத்திலிருந்து பிள்ளை வந்திருக்கிறாள்" என்றார் அந்த அம்மா. அன்றைய அளவைத் தள்ளிவைத்துவிட்டு, சொல்லாமல் இன்னும் இரண்டு நாள் போக வேண்டியதாயிற்று. விருந்தோம்பல் நிறைந்த ஊரில் உணவாய்வு செய்வதற்குப் பொறுமை வேண்டும்.

புரோட்டீன் பவுடர் வாங்கித் தரச் சொல்கிறான் மகன். வேண்டுமா?

கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் புரதம் போதும். 60 கிலோ பையனுக்கு 72 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவில், நூறு கிராம் கச்சான் கொட்டையில் 25 கிராம் அளவில், வேகாத பருப்பு நூறு கிராமில் 24 கிராம் அளவில் உண்டு. கீரி மீனும் சூடையும் மலிவாகக் கிடைக்கும் கரையில் இருந்துகொண்டு பேணியில் அடைத்த தூளுக்கு அவ்வளவு பணம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு பயமும் உண்டு. சில பேணிகளில் லேபிளில் இல்லாத தடைசெய்யப்பட்ட பொருட்கள் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இயங்குகிறது. சோதனையில் பிடிபட்டால் "எனக்குத் தெரியாமல் கலந்திருந்தது" என்பது குற்றத்தை நீக்காது. உடலுக்குள் போனதற்கு வீரரே பொறுப்பு.

ரமழான் நோன்பில் பயிற்சி செய்யலாமா?

கிண்ணியா, மூதூர் உதைபந்தாட்டக்காரர்கள் வருடாவருடம் கேட்கிறார்கள். செய்யலாம். 2012 லண்டன் ஒலிம்பிக் ரமழானில்தான் வந்தது. அதையொட்டி இந்தத் தலைப்பில் நிறைய ஆய்வுகள் நடந்தன. நன்கு பயின்ற வீரர்களின் ஆற்றலில் ஏற்படும் குறைவு பெரும்பாலும் சிறியது, பிற்பகலில் அது தெரியும், தூக்கம் கெடுவதும் அதில் ஒரு பங்கு. கடும் பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வையுங்கள், அல்லது நோன்பு திறப்பதற்குச் சற்று முன் இலேசான பயிற்சியை முடியுங்கள். ஸஹரை, அதாவது விடியலுக்கு முந்திய உணவைத் தவறவிடாதீர்கள். நோன்புக் கஞ்சியில் நீர், உப்பு, அரிசி, இறைச்சி எல்லாம் ஒரே கோப்பையில் இருக்கின்றன. மீட்சி உணவாக அதைவிடச் சிறந்ததை நான் வடிவமைத்துவிட முடியாது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

நிறைய உண்டு, ஆராயப்பட்டதோ குறைவு. 2014 முதல் 2020 வரை ஆறு விளையாட்டு விஞ்ஞான இதழ்களில் வந்த 5,261 கட்டுரைகளை எண்ணிப் பார்த்ததில், பெண்களை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவை 6 சதவீதம். ஆண்களிடம் அளந்ததைப் பெண்களுக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வலைப்பந்தாட்டப் பிள்ளைகளின் தாய்மாரிடம் இரண்டு விடயம் சொல்ல வேண்டும். பயிற்சி தொடங்கிய பிறகு மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் நின்றுபோனால், "விளையாடுகிறாள், அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ப அவள் சாப்பிடவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எலும்பு வலுவிழக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 முதல் இதை ஒரு தனி நிலையாகவே அறிவித்து வைத்தியம் செய்யச் சொல்கிறது. அடுத்தது இரும்புச்சத்து. களைப்பு, மூச்சு வாங்கல், வெளிறிய கண்ணிமை இருந்தால் குருதியைச் சோதியுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பது கீரை, பருப்பிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரைக்கு எலுமிச்சை பிழியுங்கள், அது உறிஞ்சலைக் கூட்டும்.

கன்னியா வெந்நீரில் குளித்தால் தசை வலி போகுமா?

வெந்நீர் வலியுணர்வைத் தணிக்கும், அதனால் அடுத்த நாள் போய்வாருங்கள். வழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் வரும் வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே அடங்கும். வெயிலில் ஓடிக் கொதித்த உடம்போடு நேரே வெந்நீர் ஊற்றப் போகாதீர்கள்.

ஆய்வில் சேர்ந்தால் ஊசி போடுவார்களா? வேண்டாம் என்று சொல்லலாமா?

குருதி எடுப்பதாக இருந்தால் அது படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். எவ்வளவு என்றும் எழுதியிருக்க வேண்டும். 5 மில்லிலீற்றர் என்றால் ஒரு தேக்கரண்டி. எந்த ஆய்வும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் தொடங்கலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், பிள்ளையின் சொந்தச் சம்மதமும் வேண்டும். தொடங்கிய பிறகும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் அணியில் இடம் போகக் கூடாது, ஆசிரியர் முகம் சுளிக்கக் கூடாது. படிவம் தமிழில் இல்லையென்றால் கையெழுத்து வைக்காதீர்கள்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு குழு எங்கள் பாடசாலைக்கு வந்தது. வரிசையாக நிற்க வைத்து உயரம், நிறை, இடுப்பு எல்லாம் அளந்து, விரல் நுனியில் குத்திக் குருதி எடுத்தார்கள். முடிவுகளை அனுப்புவோம் என்றார்கள். நாங்கள் பல வாரம் காத்திருந்தோம். என் ஹீமோகுளோபின் அன்று எவ்வளவு இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அளவெடுத்தவர்களுக்கு அது ஒரு வரிசை எண்ணாக எங்கேயோ இருக்கும். அந்தக் கோபம் என்னிடம் இன்னும் இருக்கிறது. ஆகவே இதைக் கேட்டுப் பெறுங்கள்: உங்கள் எண்கள் உங்களுக்கு எப்போது, எந்த மொழியில், யார் கையால் கிடைக்கும்?

பாதிப் பேருக்கு வெறும் பானத்தைக் கொடுத்துவிட்டு மருந்து என்று சொல்வது ஏமாற்று இல்லையா?

முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கினால் ஏமாற்று இல்லை. "இரண்டு பானங்களில் ஒன்று உங்களுக்குக் கிடைக்கும், எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்று சொல்லித்தான் தொடங்குவோம். பலன் உண்டு என்று நம்பினாலே மனிதர் வேகமாக ஓடுவார், அந்த நம்பிக்கையின் பங்கைக் கழிக்க வேறு வழியில்லை. எங்கள் துறையில் பெரும்பாலும் ஒரே ஆள் இரண்டையும் வெவ்வேறு நாளில் குடிப்பார், இடையில் சில நாள் இடைவெளி விடுவோம். பத்திரிகையில் "நிரூபணம்" என்று வரும் செய்தியைப் படிக்கும்போது எத்தனை பேர், ஆணா பெண்ணா, எந்த வயது, எந்தக் காலநிலை என்று பாருங்கள். குளிரூட்டிய அறையில் பத்து இளைஞர்கள் என்றால் உங்கள் ஐம்பது வயது அப்பாவுக்கு அதைச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

எங்கே படிக்கலாம்?

பெலிஹுல்ஓயாவில் உள்ள சபரகமுவப் பல்கலைக்கழகத்திலும் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு விஞ்ஞானத் துறைகள் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞான அலகு இருக்கிறது. போசணைக்கு மாக்கந்துரையில் உள்ள வயம்பப் பல்கலைக்கழகம். மருத்துவர்கள் கொழும்பில் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனத்தில் விளையாட்டு மருத்துவம் படிக்கலாம். பாடத் தகைமைகள் மாறும், அந்த ஆண்டின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலைப் பாருங்கள். பிள்ளை படிப்பையும் விளையாட்டையும் சேர்த்துக் கொண்டுபோக முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு பெயர்: நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கம் வென்ற தமிழர், பிறகு கலாநிதிப் பட்டம் பெற்றுப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார்.

ஆய்வுகூடம் இல்லாத திருகோணமலையில் என்ன ஆராய முடியும்?

கடற்கரைக்குப் போங்கள். கரைவலை இழுக்கிறவர்களைப் பாருங்கள். இடுப்பில் கட்டிய கயிற்றோடு பின்னோக்கி மணலில் குதிகாலை ஊன்றி ஊன்றி நடக்கிறார்கள், கயிற்றின் முடிவில் அவிழ்த்துவிட்டு மறுபடி நீரோரத்துக்கு ஓடி வந்து கட்டுகிறார்கள். வலை கரையேறும்வரை இது தொடரும். அந்த உழைப்பு நிமிடத்துக்கு எத்தனை கலோரி? அறுபது வயதில் அவர்களின் முழங்கால் எப்படி இருக்கிறது? அதிகாலையில் வெறும் தேத்தண்ணீரோடு வருகிறவர் என்ன சாப்பிட்டு வந்தால் உடம்பு தாங்கும்? அவர்களின் குருதிச் சீனி, அலுவலகத்தில் இருக்கும் அவர்களின் தம்பிமாரின் சீனியோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கும்? மொரிஸுக்கு பஸ் கிடைத்ததுபோல நமக்குக் கரைவலை இருக்கிறது.

செலவாகும் சக்தியை மிகத் துல்லியமாக அளக்க, பாரமான ஐதரசனாலும் ஒட்சிசனாலும் அடையாளமிட்ட நீரைக் குடிக்கக் கொடுத்து ஓரிரு வாரம் சிறுநீர் சேகரிக்கும் முறை உண்டு. அது செலவு கூடியது. தொடக்கத்துக்கு நெஞ்சுப்பட்டி இதயத்துடிப்பு மானி, தராசு, நிறுத்தற்கடிகாரம், கொப்பி போதும். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் மாணவர்கள் உணவை வேறொரு கண்ணால் பார்க்கப் பழகியவர்கள். அவர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் ஒரு மேசையில் அமர்ந்தால் எவ்வளவோ செய்யலாம்.

எங்கள் அணியை அளக்க வருவீர்களா?

வருவேன். மாலை நான்கரைக்கு மேல், பயிற்சி தொடங்கும் முன் வருவேன். தராசு வைக்க மணலில்லாத சமதரை ஒன்று, ஒரு வாளி தண்ணீர், ஆளுக்கொரு துவாய் எடுத்து வையுங்கள். பெற்றோர் படிவங்களை முதல் வாரமே அனுப்பிவிடுகிறேன். உங்கள் எண்களை அன்று மாலையே உங்கள் கொப்பியில் எழுதித் தந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.